வீட்டுச் சென்சார்

மாடிப்படி ஏறும்போதே வாத்தியார் தன் மனைவியை முன்னால் போகவிட்டு, செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் பின்தங்கினார். அவள் தன் ஆங்கில வகுப்பில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்: "உள்ள வந்துட்டா நான் உனக்கு சார், அவ்வளவுதான். தெரிஞ்சா, பொண்டாட்டிக்குத் தனியா சொல்லித் தர்றான்னு பேசுவாங்க." அவள் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. வாயைத் திறந்தால்தானே மார்க் போடுவார்கள்?

இன்றைய பாடம் தணிக்கையும் ஒழுக்கமும். சென்சார், டீசன்ட், அஃபென்சிவ், மாரல் என்று பலகை நிறைய எழுதிப் போட்டார். புதுச் சொல்லைச் சொந்த வீட்டை வைத்துத்தான் பேசிப் பழக வேண்டும் என்பது அவர் வகுப்பின் வழக்கம். அப்போதுதான் நாக்கில் ஒட்டுமாம். லாரி டிரைவர் எழுந்து, டிவியில் எதைப் பார்க்கலாம் என்று தன் மாமியார் சென்சார் செய்வதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அடுத்து அவள் முறை.

"எங்கள் வீட்டிலும் ஒரு சென்சார் இருக்கிறார்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "என் கணவர். நல்லவர். அடிக்க மாட்டார், கத்த மாட்டார். நான் எந்தப் போட்டோ போட்டாலும் முதலில் அவர் பார்ப்பார். ஆஸ்பத்திரித் தோழிகளோடு சிரித்த படத்தை நீக்கச் சொன்னார். பல் தெரிகிறது, டீசன்டாக இல்லை என்றார். நான் போன் பேசினால் பக்கத்தில் வந்து நிற்பார். இப்போது அவர் இல்லாதபோதும் என் வார்த்தைகளை நானே வெட்டிவிட்டுத்தான் பேசுகிறேன்."

எங்கும் தடுமாறவில்லை. அவர் பக்கம் பார்க்கவும் இல்லை. வாத்தியாருக்குக் காது மடல் சுட்டது. வீட்டில் தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று முதலில் கோபம்தான் வந்தது. சொல்லவிட்டால்தானே? அந்தப் படம் நினைவுக்கு வந்தது. ஓரத்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருந்தாள். அவள் அதை அழித்து முடிக்கும்வரை, ஏதோ நல்லது செய்கிற நினைப்பில் பக்கத்திலேயே நின்றிருந்தார். நினைக்கவே கேவலமாக இருந்தது. வெளியே போய்விடலாமா என்று பார்த்தார்.

தையல்கார அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அவரு என்ன பெரிய யோக்கியரா? நீயும் சரி சரின்னு கேட்டுக்கிட்டியாக்கும்."

"விடுங்கக்கா. அவருக்குத் தெரியாது."

"ஏன், படிச்சவருதானே?"

"ரொம்பப் படிச்சவரு."

வகுப்பே சிரித்தது. டிரைவர் கையைத் தூக்கினார். "சார், இப்படிப்பட்ட ஆளுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லுவாங்க? எழுதிப் போடுங்க, எழுதிக்கிறோம்."

வாத்தியார் பலகைப் பக்கம் திரும்பி மார்க்கரின் மூடியைக் கழற்றினார். வார்த்தை தெரியாமல் இல்லை. நாலைந்து வந்து நின்றன, ஒன்றுக்கும் கை எழவில்லை. பின்னால் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. திரும்பினார். மற்றவர்களைப் போலவே அவளும் புதுப் பக்கம் திருப்பி, பேனாவைத் திறந்து, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.