பாய்கிற படம்

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒருவர் செத்துப்போனால் அவரை முதலில் கடைக் கண்ணாடிகளில் ஒட்டுவார்கள். மரக்கறிக் கடை, நகைக் கடை, தொலைபேசிக் கடை என்று எங்கே கொஞ்சம் இடம் வெறுமையாக இருக்கிறதோ அங்கே. மேலே இரண்டு மெழுகுதிரி, நடுவில் முகம், கீழே உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் உறவுகளின் பெயர்கள். முகம் எப்போதும் அடையாள அட்டைக்குப் பிடித்த முகம்தான். சிரித்தபடி செத்தவர்கள் லா சப்பலில் மிகவும் குறைவு.

மடுத்தீன் தன் மகனை அப்படி ஒட்ட விரும்பவில்லை.

மகன் அலெக்சிஸ் புறநகரான ஓல்னே-சூ-புவாவில் பிறந்து வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் பனி வகுப்பு என்று ஒருமுறை அல்ப்ஸ் மலைக்குக் கூட்டிப்போனார்கள். பிள்ளை திரும்பி வந்தான், மனம் திரும்பி வரவில்லை. படிப்பு முடிந்ததும் மலையிலேயே போய்த் தங்கிவிட்டான். ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுவது, மிச்ச நேரமெல்லாம் பனிச்சறுக்கு. அதுவும் நேராகச் சறுக்கிப் போய்ச் சேருகிற சறுக்கல் இல்லை. பனியால் கட்டிய மேட்டில் ஏறிப் பாய்ந்து, காற்றில் கரணம் அடித்து, சிலவேளை பின்பக்கமாக வந்து இறங்குகிற ‘ஃப்ரீஸ்டைல்’. உறவுக்காரர் விசாரித்தால் மடுத்தீன், “அவன் மலைப்பக்கம் ஒரு ஹோட்டலிலை வேலை” என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவார். பாய்கிறதை ஒரு தொழில் என்று எந்த வாயால் சொல்வது?

ஒவ்வொரு மாரியும், பனி கொட்டத் தொடங்கியதும், மகன் வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டான். “பிறகு பாப்பம்” என்பார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவருக்கு அந்த நேரத்தில் லீவு கிடைப்பது கஷ்டம் என்பது உண்மைதான். அதைவிட உண்மையானது பயம். பெற்ற பிள்ளை தலைகீழாகத் தொங்குவதைப் பார்க்க அவருக்கு நெஞ்சு இடங்கொடுக்கவில்லை. அவன் அனுப்பிய வீடியோக்களைத் திறக்காமலே “நல்லது” என்று பதில் போட்டார்.

கடைசியில் அவன் பாய்ந்து சாகவில்லை. வேலைக்குப் போகிற வழியில், உறைந்த வளைவொன்றில் நண்பனின் கார் வழுக்கிப் பள்ளத்தில் போனது. நண்பன் கை முறிந்து தப்பிவிட்டான். இத்தனை வருடம் பயந்தது ஒரு பக்கம் இருக்க, சாவு வேறு பக்கத்தால் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

அடக்கத்தின்போது யார் என்ன ஒட்டினார்கள் என்றே மடுத்தீனுக்குத் தெரியாது. முப்பத்தோராம் நாள் பூசைக்காவது பிள்ளையை அவன் இருந்தபடி ஊருக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தார். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் போய்ப் பார்க்காத தகப்பனுக்குச் செய்ய மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அச்சகம் வைத்திருக்கும் றூபனிடம் போய், மகன் கடைசியாக அனுப்பிய படத்தைத் தொலைபேசியில் காட்டினார். பளிச்சென்ற நீல வானம். அதில் ஒரு உருவம் உடம்பை முறுக்கிக்கொண்டு, ஒரு கையால் சறுக்குப் பலகையை எட்டிப் பிடித்தபடி பறந்தது. கீழே மகன் பிரெஞ்சில் எழுதியிருந்தான்: ‘அப்பா, பாருங்கோ, எவ்வளவு வடிவு.’

“அண்ணை, இதிலை முகம் தெரியேல்லையே,” என்றான் றூபன். “தலையிலை கவசம், கண்ணிலை கறுப்புக் கண்ணாடி. ஆர் எண்டு சனத்துக்கு எப்பிடி விளங்கும்?”

“முகத்தைச் சின்னனா ஒரு மூலையிலை போடு. நடுவிலை இதைப் போடு. என்ரை பிள்ளை என்ன செய்தவன் எண்டு சனம் பாக்கட்டும்.”

றூபன் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். “செட்டை விரிச்சுச் சம்மனசு பறக்கிற மாதிரித்தான் இருக்கு அண்ணை.”

சனம் பார்த்தது. மரக்கறி வாங்க வந்த பெண்கள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். கரணம் அடிக்கிற ஒருவனை நினைவஞ்சலியில் அதுவரை யாரும் கண்டதில்லை. “உங்கடை மகன் இவ்வளவு கெட்டிக்காரனோ? ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!” என்று ஆட்கள் கையைப் பிடித்துக் கேட்டபோது மடுத்தீனுக்குப் பெருமையாக இருந்தது. செத்த வீட்டில் பெருமைப்படுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

பூசை முடிந்து எல்லாரும் அதே தெருவிலிருந்த மண்டபத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவருடைய மனைவி அருள்மலர் சோற்றுச் சட்டியை விட்டு நகரவேயில்லை, நகர்ந்தால் அழுதுவிடுவாள். மலையிலிருந்து ரயிலில் வந்திருந்த ஆனைஸைத்தான் காணவில்லை. அலெக்சிஸோடு அதே ஹோட்டலில் வேலை செய்து, அதே மேட்டில் பாய்ந்து திரிந்த பிரெஞ்சுப் பெண். மடுத்தீன் அவளைத் தேடி வெளியே வந்தார்.

மரக்கறிக் கடைக் கண்ணாடிக்கு முன்னால், நினைவஞ்சலியைப் பார்த்தபடி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“நல்ல படம், இல்லையா?” என்று பிரெஞ்சில் கேட்டார். “அவனே எனக்கு அனுப்பினது.”

அவள் அழுதாள். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: “முசியே, இது அலெக்சிஸ் இல்லை. இது நான். படம் எடுத்ததுதான் அவன்.”

மடுத்தீன் தெருவை மேலும் கீழும் பார்த்தார். நகைக் கடையில், தொலைபேசிக் கடையில், முடிவெட்டுகிற கடையில் எல்லாம் அதே நீல வானம். உயிரோடிருக்கிற ஒருத்தியை மெழுகுதிரிக்குக் கீழே வைத்துத் தெரு முழுக்க ஒட்டியிருக்கிறார். “மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிக்கொண்டே நகத்தால் அதைச் சுரண்டத் தொடங்கினார். வரவில்லை. றூபனின் பசை நல்ல பசை.

ஆனைஸ் அவர் கையைப் பிடித்தாள். “விடுங்கள். எனக்கு ஒன்றும் ஆகாது.”

“உமக்கு இல்லை, பிள்ளை. எனக்கு.” இப்போது அவருக்குப் பிரெஞ்சு தட்டுத் தடுமாறியது. “என் மகன் எது, ஊரார் பிள்ளை எது என்று தெரியாத தகப்பன் நான்.”

“முகத்தை மூடினால் யாருக்குத்தான் தெரியும்?”

“உமக்குத் தெரிகிறதே.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைக் காட்டினாள். “இதோ, பலகையைப் பிடித்திருக்கிறேன். எல்லாரும் பிடிப்போம். பிடித்தால்தான் நடுவர்கள் புள்ளி போடுவார்கள். நாங்கள் எல்லாரும் காற்றில் போய் வேலை செய்கிறோம். அவன் மட்டும் ஒன்றையும் பிடிக்கமாட்டான். உச்சியில் போய்ச் சும்மா இருப்பான். விழப்போகிறான் என்று எல்லாரும் நினைக்கிற நேரத்தில்தான் திரும்புவான். முதலில், நித்திரை கொள்கிறான் என்று பகிடி பண்ணினோம். நடுவர்கள் புள்ளியை வெட்டினார்கள். பயிற்சி கொடுத்தவர் மாற்றச் சொன்னார், மாற்றவில்லை. இப்போது அங்கே இருக்கிற சின்னப் பெடியன்கள் எல்லாம் அதைச் செய்து பார்க்கிறார்கள். ஒருவருக்கும் வரவில்லை.”

நண்பர்கள் சேர்ந்து கோத்த ஒரு வீடியோ அவளுடைய தொலைபேசியில் இருந்தது. பார்க்கிறீர்களா என்று கேட்டாள். மடுத்தீன் இல்லையென்று சொல்லத்தான் வாயெடுத்தார். பிறகு கிட்டப் போய் நின்றார்.

மேட்டில் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லாருக்கும் தொளதொளத்த உடுப்பு, எல்லாருக்கும் கவசம். ஒருவர் பம்பரமாகச் சுற்றினார். ஒருவர் பின்னோக்கிக் கரணம் போட்டுப் பலகையைப் பிடித்தார். ஒவ்வொருவர் வரும்போதும், இவனோ என்று நாக்கு நுனிவரை வந்தது. இரண்டாம் தரமும் பிழைத்துவிடுமோ என்று பயந்து விழுங்கினார். ஆனைஸ் யாரையும் சுட்டிக் காட்டவில்லை.

பிறகு ஒருவன் வந்தான். மேலே போனான். போனவன் அங்கேயே நின்றான். கைகள் இரண்டும் தளர்ந்து தொங்க, சாப்பிடக் கூப்பிட்டால் ‘வாறன்’ என்று சொல்லிவிட்டு எழும்பாமல் இருக்கிறவனைப் போல இருந்தான்.

ஓல்னே வீட்டில் பள்ளிக்கூடக் காலைகள். பஸ் கீழே வந்து நிற்கும். தாய் கத்துவாள். அவன் ஒரு காலில் சப்பாத்தோடு, மற்றச் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பான். “கெதியா வாடா! அசமந்தம்!” மடுத்தீன் மகனோடு பேசிய வார்த்தைகளில் பாதி அதுதான். அவன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பானே தவிர அவசரப்படமாட்டான். பஸ்ஸை ஒருநாளும் தவறவிட்டதும் இல்லை.

“இவன்தான்,” என்றார் மடுத்தீன் தமிழில். “ஓம், இவன்தான்.”

ஆனைஸ் தலையாட்டினாள்.

அவர் விரலைக் கண்ணாடித் திரையில் வைத்து அழுத்தினார். வீடியோ நின்றது. மகன் நீல வானத்தில் நின்றான். அவனுக்குக் கீழே வெள்ளையாகப் பனி இருந்தது. முப்பது நாளும் வந்தவர்களைக் கும்பிட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிய மனிதர், மரக்கறிக் கடை வாசலில் விம்மி விம்மி அழுதார். மண்டபத்திலிருந்து யாரோ, “அண்ணை, சாப்பிட வாங்கோ, சனம் பாத்துக்கொண்டிருக்கு,” என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

“ஆறுதலா வா, அப்பன்,” என்றார். “ஒரு அவசரமும் இல்லை.”