மூன்றாம் பக்கத்துத் தண்ணீர்

ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் பெரிய மனிதர், டத்தோ பட்டம் வாங்கியவர், வருகிறார் என்று தெரிந்ததும் டாக்டர் விஸ்வலிங்கம் செய்த முதல் வேலை, புதிய டை வாங்கியது. இரண்டாவது, உதவியாளர் பிச்சைமுத்துவின் தண்ணீரில் கை வைத்தது.

1989. பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். தடித்த இரும்பு உருளை. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே ஈர மணல். அதைக் குளிரவைத்து மீத்தேன் வாயுவை அழுத்தி ஏற்றினால், மணலின் இடுக்குகளில் உள்ள தண்ணீர் வாயுவைச் சுற்றிக் கூண்டு கட்டிக்கொண்டு உறையும். பார்க்கப் பனிக்கட்டி, கொளுத்தினால் எரியும். கடலடி வண்டலில் இது ஏராளமாகப் புதைந்திருக்கிறது என்று டாக்டர் மேடைதோறும் சொல்லிவந்தார். அதைக் கண்ணால் பார்க்கத்தான் டத்தோ வருகிறார். பிடித்துப்போனால் ஆய்வுக்கூடம் தொடரும். இல்லையென்றால் மூடுவிழா, பிச்சைமுத்து பழையபடி ஸ்டோரில் குடுவை எண்ணப் போகவேண்டும். ஏற்கெனவே பதினோரு வருடம் எண்ணியவர்.

“டத்தோவுக்குப் பழந்தண்ணியோ காட்டுறது? எல்லாத்தையும் ஊத்திப்போட்டுப் புதுசா மாத்தும். மணலையும் சுடுதண்ணியிலே கழுவும்,” என்றார், யாழ்ப்பாணத்துப் பேச்சு மாறாத டாக்டர்.

“டாக்டர், முதல் தடவ இது உறையறதுக்கு ரெண்டு நாளாச்சு. அதே தண்ணிய மாத்தாம வச்சிருந்தோம், ஏழாவது தடவ முக்கா மணி நேரத்துல உறைஞ்சிருச்சு. ஒருவாட்டி உறைஞ்ச தண்ணிக்கு ஞாபகம் இருக்குலா.”

“தண்ணிக்கு ஞாபகமோ? உது எந்தப் புத்தகத்திலே இருக்கு காணும்?”

“நீங்க எழுதின கட்டுரையில, டாக்டர். மூணாம் பக்கம்.”

அந்தக் கட்டுரைக்கு அளவெடுத்ததும் டைப் அடித்ததும் பிச்சைமுத்து. பெயர் டாக்டருடையது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

“மாத்தும்,” என்றார்.

பிச்சைமுத்து மாற்றினார். ஆனால் பழைய தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. கழுவிய சோயா கிச்சாப் பாட்டிலில் பிடித்து, ‘கொட்டாதீர்கள்’ என்று மலாயிலும் தமிழிலும் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்தார்.

கூட்டிப் பெருக்க வந்த புஷ்பவள்ளி எட்டிப் பார்த்தாள். “என்னண்ணே, சரக்கா?”

“குடிச்சுப் பாரு. உள்ளயே உறைஞ்சிரும்.”

டத்தோ வந்தார். டாக்டர் நாற்பது நிமிடம் பேசினார். மணலின் இடுக்குகளைப் பற்றிப் பேசும்போது டையை நீவிவிட்டுக்கொண்டார். டத்தோ குனிந்து ஜன்னல் வழியே பார்த்தார். பளிச்சென்ற மணல், பளிச்சென்ற தண்ணீர். வேறொன்றுமில்லை. அழுத்தமானியின் முள் அசையவே இல்லை. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. டத்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தேநீர் எங்கே என்று விசாரித்தார்.

விருந்தினர்கள் கறிபாப் பலகாரத்தை நோக்கி நகர்ந்ததும் டாக்டர் பின்தங்கினார். டையைத் தளர்த்தினார்.

“பிச்சைமுத்து, அந்தப் பழந்தண்ணி…”

“கொட்டச் சொன்னீங்க.”

“கொட்டினீரோ?”

பிச்சைமுத்து ஐஸ் பெட்டியைத் திறந்தார். பாட்டிலிலிருந்து இரண்டு கரண்டிப் பழந்தண்ணீரைக் கைப்பம்பில் ஊற்றி, மெதுவாக மணலுக்குள் செலுத்தினார். பிறகு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். இதற்குமேல் செய்ய ஏதுமில்லை. குடுவைகள் மட்டும் நினைவுக்கு வந்தன.

தேநீரோடு நாசி லெமாக் சோறும் இருந்தது, நல்லவேளை; விருந்து நீண்டது. ஐம்பதாவது நிமிடம் அழுத்தமானியின் முள் இறங்கத் தொடங்கியது. வெப்பமானி கொஞ்சம் ஏறியது. உறைகிறபோது சூடு விடும். ஜன்னலில், இரண்டு மணல் துகள்களுக்கு இடையே அரிசி நொய்போல ஒரு வெண்மை. பக்கத்து இடுக்கில் இன்னொன்று. இரண்டும் ஒட்டிக்கொண்டு அடுத்த இடுக்குக்குப் போயின.

டத்தோ திரும்பி வந்தபோது ஜன்னலில் பாதி வெளுத்திருந்தது. அவர் அசந்துபோனார்.

“தேத்தண்ணி முடியிற நேரத்துக்குச் சரியா வரவேணும் எண்டு நான்தான் கணக்குப்போட்டு வச்சனான்,” என்று பக்கத்திலிருந்தவரிடம் தமிழில் சொல்லிவிட்டு, டத்தோவிடம் அதையே ஆங்கிலத்தில் சொன்னார் டாக்டர். டை மறுபடி இறுகியிருந்தது. இன்னும் மூன்று வருடத்துக்குப் பணம் என்று டத்தோ அங்கேயே வாக்குக் கொடுத்தார்.

நாலரை மணிக்குப் பாட்டிலை ஐஸ் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டுப் பிச்சைமுத்து வீட்டுக்குக் கிளம்பினார். போகிற வழியில் டாக்டரின் அறை திறந்திருந்தது. டாக்டர் தம் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கம். கையில் பென்சில். முக்கியமான வரிகளுக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.