அப்பாவுவுக்கு வந்த மூன்றாவது போன்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், அப்பாவு இரண்டாவது மைசூர்பாகையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற மனிதர். அது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வீரம். ஆந்திர எல்லையில், நகரி ஊர்ப் பக்கத்தில் இது ஒன்றும் புதிதல்ல. ஒரு வீட்டில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் எந்த வியாதியும் இருக்காது. அப்பனுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும் என்று எதிர்ப்பக்கம் எழுந்து போய்விடுமாம். அதனால் மாத்திரை டப்பா அரிசி டின்னுக்குள் போய்விடும்.

வந்திருந்தவர்கள் காளஹஸ்திக்காரர்கள். ஓய்வு பெற்ற டீச்சர் யசோதா, சென்னையில் வேலை பார்க்கும் அவருடைய மகன் நிதின். அப்பாவுவின் ஒரே மகள் கௌசிகா ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறாள். கெட்டிக்காரி, பிடிவாதக்காரி. கல்யாணம் ஆனால் சென்னைக்குப் போக வேண்டும், நைனாவும் அம்மாவும் தனியாக இருப்பார்கள். "உங்க ரெண்டு பேருக்கும் மெடிக்கல் பாலிசி கைக்கு வந்தாதான் நான் கழுத்த நீட்டுவேன்" என்று சொல்லிவிட்டாள். திருப்பதிக்கு நாலு தடவை அலைந்து, ஆஸ்பத்திரிச் செலவையும் ஏற்கிற, மாதம் ஒருமுறை நர்ஸை வீட்டுக்கே அனுப்புகிற ஒரு பாலிசியைக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஆனால் விண்ணப்பத்தை நிரப்பிய அன்று அவள் வேலைக்குப் போயிருந்தாள். நிரப்பியவன் ஏஜென்ட் சாய்குமார், அப்பாவுவின் மனைவி செங்கமலத்துக்குத் தங்கை மகன். அப்பாவு அவன் காதோடு, "சர்க்கரைன்னு எழுதிடாதப்பா. பேப்பர்ல ஏறுச்சின்னா ஊருக்கே தெரிஞ்சிடும். பொண்ணு விஷயம்" என்றார்.

"எழுதினா வேல இழுத்துக்கும் பெரிப்பா. இல்லன்னே போட்டுடலாம். அவங்க இன்னா வீட்டுக்கு வந்து பாக்கப் போறாங்களா?" என்றான் அந்தப் புண்ணியவான்.

வீட்டுக்கு வரமாட்டார்கள்தான். போன் செய்வார்கள். இரண்டு முறை செய்தும் அப்பாவு எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் எடுக்காவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள் என்று காலையில்தான் சாய்குமார் செய்தி அனுப்பியிருந்தான். மைசூர்பாகு தொண்டையில் இறங்குவதற்குள் அந்த மூன்றாவது போன் அடித்தது.

கௌசிகா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "எடு நைனா, எடு. கம்பெனி நம்பர்தான். ரெண்டு நிமிஷம் ஆண்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க."

அந்த வீட்டில் கூடத்து ஜன்னல் பக்கம் மட்டும்தான் சிக்னல். அப்பாவுவுக்குக் காது மந்தம், போனை ஸ்பீக்கரில் போடாமல் பேச வராது. ஆக, கம்பெனிப் பெண்ணின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"வணக்கம் சார். இந்தப் பேச்சு பதிவாகுது. நீங்க கொடுத்த விவரத்தச் சரிபார்க்கணும்." பெயர், வயது, முகவரி எல்லாம் சரியாகப் போயின. கௌசிகா முகத்தில் ஒரே சிரிப்பு. "சர்க்கரை, பிபி, இதய நோய் எதுவும் இல்லன்னு எழுதியிருக்கீங்க. சரிதானே சார்?"

கௌசிகாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சர்க்கரை இல்லை என்று எழுதியிருப்பது அவளுக்குப் புதுச் செய்தி.

அப்பாவு யசோதாவைப் பார்த்தார். "சரிதான் மேடம். ஒண்ணும் இல்ல" என்றார்.

"தினமும் போடுற மாத்திரை எதுவும்? யோசிச்சுச் சொல்லுங்க சார். இப்ப மறைச்சது பின்னால தெரிஞ்சா பணம் கிடைக்காம போகலாம், பாலிசியே ரத்தாகலாம்."

அப்பாவு மனசுக்குள் கணக்குப் போட்டார். உண்டு என்றால் சம்பந்தம் போச்சு, இல்லை என்றால் மகள் ஓடி ஓடிச் சேர்த்த பாலிசி போச்சு.

கௌசிகா பக்கத்தில் வந்து நின்றாள். "யார் எழுந்து போனாலும் போவட்டும் நைனா. நான் இல்லாதப்ப நீ கீழ வுழுந்தா உன்ன யார் பாப்பாங்க? அதுக்குத்தான நான் இவ்ளோ அலைஞ்சேன்?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அப்பாவு போனை வாய்க்கு நேராகப் பிடித்தார். "மேடம், பொய் சொல்லிட்டேன். எனக்கு ஒம்போது வருஷமா சர்க்கரை கீது. காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ஒண்ணு. இல்லன்னு எழுதச் சொன்னதும் நான்தான்."

"இப்பவே சொன்னது நல்லது சார். மாத்திக்கிறேன். ஒரு டெஸ்ட் எடுப்பாங்க. பிரீமியம் கொஞ்சம் கூடலாம், சர்க்கரையால வர்ற செலவுக்குக் கொஞ்ச காலம் காத்திருக்கணும். ஆனா மறைச்சீங்கன்னு நாளைக்கு யாரும் சொல்ல முடியாது." போன் நின்றது.

அடுக்களை வாசலில் செங்கமலம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யசோதா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒம்போது வருஷமா சர்க்கரை. அப்புறம் எந்தத் தைரியத்துலண்ணே ரெண்டு மைசூர்பாகு துன்னீங்க?"

"நீங்க பாத்துக்கினு இருந்தீங்களேம்மா, அதுக்காகத்தான்" என்றார் அப்பாவு, பரிதாபமாக.

நிதினால் சிரிப்பை அடக்க முடியவில்லை. யசோதா அவனை ஒரு முறை முறைத்தார். "நீ சிரிக்காத. நாம மட்டும் இன்னா ஒழுங்கு? எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சத இங்க சொல்லக் கூடாதுன்னு வண்டியில வரும்போது பேசிக்கினுதான வந்தோம்."

கௌசிகா நிதினிடம் நேராகக் கேட்டாள். "அம்மாவுக்குப் பாலிசி எடுத்திருக்கீங்களா?"

"போன வருஷம் எடுத்தேன்."

"ஸ்டென்ட்ட எழுதினீங்களா?"

படித்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். "ஏஜென்ட்டு வேணாம்னாரு" என்றான், மெதுவாக.

"மொதல்ல கம்பெனிக்கு உண்மைய எழுதுங்க. இன்னா சொல்றாங்களோ சொல்லட்டும். கல்யாணத்தப் பத்தி அப்புறம் பேசலாம்."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் நிபந்தனை போடுவதைக் கேட்டு அப்பாவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் நிதின் எழுந்தான். ஜன்னல் பக்கம் வந்து, அவர் பக்கத்திலேயே நின்று, போனை எடுத்து மெயில் அடிக்க ஆரம்பித்தான். அவன் காது சிவந்திருந்தது. கௌசிகா தலையை நீட்டி, ஒரு எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தாள். அந்த அவசரத்தில் இரண்டு பேர் தலையும் ஒரு தடவை முட்டிக்கொண்டன.

"அதோட சர்க்கரையும் சேத்து எழுதுடா" என்றார் யசோதா.

நிதின் திரும்பிப் பார்த்தான். "உனக்குச் சர்க்கரையா? எப்பலேர்ந்தும்மா?"

"ஆறு மாசமா கீது. நீ கவலப்படுவேன்னு சொல்லல." டீச்சர் குரல் உடைந்துவிட்டது. மகன் வந்து கையைப் பிடித்துக்கொண்டதும் சமாளித்துக்கொண்டு அப்பாவுவைப் பார்த்தார்.

"நமக்கு வயசாயிடுச்சுண்ணே. நாம மறைச்ச வியாதிக்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது. நாம மறைச்சா, புள்ளைங்க எவ்ளோ பாசமா இருந்தாலும் வைத்தியம் பாக்க முடியாது. இனிமே ஃபார்ம்லயும் சரி, பெத்த புள்ளைங்க கிட்டயும் சரி, இருக்கறத இருக்கறபடியே சொல்லிடுவோம்."