சரி, வரேன்

“சரி, வரேன்” என்றார் என் கணவர். அதோடு போன் போய்விட்டது.

அவராக வைத்தாரா, சிக்னல் போய்விட்டதா தெரியவில்லை. மறுபடி அழைத்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் பதற்றமே இல்லாமல் சொன்னது. வெள்ளம் வாசல் வழியாகத்தான் வரும் என்று மதியமே அங்கே மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தேன். அதுவோ குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் ஜாலியிலிருந்து கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, எங்கள் வீட்டுக்குள் எங்களுக்கு முன்பே குடியிருந்ததைப் போல நிதானமாகக் கூடத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

‘வரேன்’ என்ற அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் வீட்டில் இரண்டு அர்த்தம். கிளம்பும்போது ‘போறேன்’ என்று யாரும்தான் சொல்வதில்லை. தெருமுனைக் கடைக்குப் போனாலும் ‘வரேன்’தான். ஆனால் என் கணவர் வீட்டில் போனையும் அப்படிச் சொல்லித்தான் வைப்பார்கள். கல்யாணமான புதிதில், “போன்ல எப்படி வர்றீங்க, ஒயரைப் பிடிச்சுக்கிட்டா?” என்று கேலி செய்திருக்கிறேன். சிரித்துவிட்டு, “சரி, வரேன்” என்றே வைத்தார்.

அவர் மெக்கானிக்காக இருக்கும் குளிர்பதனக் கிடங்கு அக்கரையில், மேட்டில் இருக்கிறது. அங்கேயே இருந்தால் ஒரு பயமும் இல்லை. கிளம்பினால் ஸ்கூட்டரில் தரைப்பாலம் வழியாகத்தான் வருவார். பெரிய பாலம் சுற்று வழி. அவசரத்தில் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தரைப்பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. ஓரங்களில் வெள்ளையடித்த குட்டைக் கற்கள் மட்டும். மலையில் மழை கொட்டுகிறது, ஆற்றில் எந்த நேரமும் தண்ணீர் கூடும், யாரும் கரைப்பக்கம் போக வேண்டாம் என்று காலையிலிருந்து ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மரம் போன வாரம்தான் துளிர்த்திருந்தது. உதிர்கிற வயதே வராத இலைகளைக் காற்று பிய்த்துக் கண்ணாடியில் அப்பியது.

“என்னடி சொன்னான்?” என்று கட்டிலில் இருந்தபடி அண்ணி கேட்டார். என் கணவரின் அக்கா. போன வாரம் கண்புரை எடுத்து, ஒரு கண்ணில் பச்சைத் துணியோடு எங்கள் வீட்டில் இருக்கிறார். குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மிச்சமிருந்த ஒரு கண்ணாலும் வாயாலும் வீட்டை நடத்திக்கொண்டிருந்தார்.

“சரி வரேன்னார், அண்ணி.”

“இழுத்துச் சொன்னானா, வெடுக்குன்னு சொன்னானா?”

“அதுல என்ன இருக்கு?”

“வரே...ன்னு நீட்டினா போனை வெக்கிறான். வெடுக்குன்னு சொன்னா செருப்பை மாட்டிட்டான். என் தம்பியை எனக்குத் தெரியாதா?”

நினைவுபடுத்திப் பார்த்தேன். பின்னால் கம்ப்ரஸரின் இரைச்சல். அதற்குள் அவர் குரல். நீண்டதா? வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், ஒரு தடவை இழுத்து, ஒரு தடவை வெட்டி. சொல்லச் சொல்ல அது அவர் குரலாக இல்லாமல் என் குரலாகிக்கொண்டு வந்தது. இனி எத்தனை தடவை தேடினாலும் நான் சொன்னதுதான் கிடைக்கும் என்று புரிந்ததும் நிறுத்திவிட்டேன்.

நான் சொன்னது மட்டும் தெளிவாக ஞாபகம் இருந்தது. “தண்ணி உள்ள வருது. அண்ணியை நான் ஒத்தையா எப்படி மாடியேத்துவேன்?” கேள்விதான். வாங்க என்று கூப்பிடவில்லை. வராதீங்க என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டாவதைச் சொல்ல வாய் திறந்து, சொல்லாமல் ஒரு கணம் நின்றேன். அவர் என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று ஒரு கணம். அண்ணிக்கு ஆபரேஷன் அன்றைக்கு வருவதாகச் சொன்னவர் கம்ப்ரஸர் பழுது என்று வரவில்லை. “தேவைப்படற நேரத்துல ஒரு தடவையாவது வந்திருக்கீங்களா?” என்று அன்றைக்குக் கேட்டேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் ‘வரேன்’ என்றாரோ?

தண்ணீர் கட்டில் காலைத் தொட்டபோது மேல்வீட்டு டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தார். “இன்னும் எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க? மேல வாங்க. எங்க பால்கனியிலேருந்து பாத்தேன், தரைப்பாலத்து மேல தண்ணி ஓடுது.”

அண்ணி என்னைப் பார்த்தார். அந்த ஒற்றைக் கண்ணில் அதுவரை இருந்த அதிகாரம் சட்டென்று இறங்கிவிட்டது.

“இழுத்துத்தான் சொல்லியிருப்பான்” என்றார்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். அவர் படியைக் குனிந்து பார்க்கக்கூடாது என்பதால் ஒவ்வொரு படிக்கும் நான் ‘படி, படி’ என்று சொல்ல வேண்டியிருந்தது. “என்னடி, பள்ளிக்கூடப் பிள்ளையை அதட்டற மாதிரி” என்றார். டீச்சர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறொன்றாக மாறுவதற்குள் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

சாயங்காலம்தான், ஆனால் மின்சாரம் போய் எல்லாம் கறுத்திருந்தது. பால்கனியிலிருந்து பார்த்தால் தெரு முடியும் இடத்தில் ஆறு. பாலம் இருந்த இடத்தில் வெள்ளைக் கற்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொன்றையும் சுற்றித் தண்ணீர் சுழித்துப் பிரிந்தது. அக்கரைச் சரிவில் ஒரு விளக்கு இறங்கி வந்தது. ஒற்றை விளக்கு. பாலத்தின் வாயில் நின்றது.

“அவனா?” என்றார் அண்ணி.

“தெரியலையே, அண்ணி.”

டீச்சர் டார்ச்சைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அண்ணி என் தோளைப் பிடித்தார். “ஆட்டுடி. நாம மேல வந்துட்டோம்னு தெரியட்டும்.”

தூக்கிப் பிடித்தேன். ஆட்டவில்லை. பக்கவாட்டில் ஆட்டினால் அங்கிருந்து பார்க்கிறவருக்கு அது ‘வா’. மேலும் கீழும் ஆட்டினாலும் ‘வா’. இங்கே இருக்கிறோம் என்றாலே அவருக்கு ‘வா’தான். ‘வராதீங்க’ என்பதை வெளிச்சத்தில் எப்படிச் சொல்வது? விசையை அழுத்தி அணைத்தேன்.

“ஏன்டி அணைச்சே?”

அணைத்த பிறகுதான் தோன்றியது, இருட்டாகத் தெரிகிற வீட்டைப் பார்த்தால் யாருக்கும் ஓடி வரத்தானே தோன்றும் என்று. கட்டை விரல் விசையிலேயே இருந்தது.

எதிரே அந்த விளக்கு எங்களைப் பார்த்தபடி எரிந்தது. கொஞ்சம் பெரிதானதைப் போல இருந்தது. உற்றுப் பார்த்தால் அப்படி இல்லை.

“எனக்கு ஒத்தைக் கண்ணு. நிக்கிறதும் வர்றதும் ஒண்ணாத்தான் தெரியுது” என்றார் அண்ணி. கிசுகிசுப்பாக. “நீ பாத்துச் சொல்லேன்டி.”

எனக்கு இரண்டு கண் இருந்தும் தெரியவில்லை. பாலத்தின் அக்கரைப் பக்கத்து முதல் வெள்ளைக் கல்லைக் குறியாக வைத்துக்கொண்டு இமைக்காமல் பார்த்தேன். கல்லுக்கும் விளக்குக்கும் நடுவே மழை சாய்ந்து, மினுங்கி, விழுந்துகொண்டே இருந்தது.