நாலு பல் குறைவு

காதுக்காரனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இருபது வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருப்பவனைப் பற்றி இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அந்தத் தெருவுக்கே தெரிந்த சங்கதி அது. சின்ன வயதில் ஒரு தரம் விழுந்து முகத்தைப் பெயர்த்துக்கொண்டதோடு சரி, அப்புறம் அவன் சீட்டில் ஏறியதே இல்லை. யாராவது கேலி பண்ணினால், "ஏன், மாட்டு டாக்டர் கன்னுக்குட்டி போட்டுக் காட்டினாத்தான் நம்புவியா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவான்.

அவனுக்குக் காது போதும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பெடலைக் கையால் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். பெடல் ஒரு சுற்றுச் சுற்ற ஒரு தரம் சத்தம் வந்தால் கோளாறு பெடல் பக்கம். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு தரம் என்றால் செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகிக் கிடக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து கரகரவென்றால் பின்னால் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தரம் சரியாகத்தான் சொல்வான். பெயரே அப்படி வந்ததுதான்.

அந்தக் காதை ஒரு வாரமாக ஒரு சத்தம் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது. அதுவும் யார் வண்டியில்? சொந்த அக்காவின் வீட்டுக்காரர் வண்டியில்.

அத்தான் தபால்காரர். ஐம்பத்தேழு வயது. ஆஸ்பத்திரி மேடு முழுக்க அவர் சுற்று. திங்கட்கிழமை மேலதிகாரி வருகிறார் என்று உத்தரவு வந்திருந்தது. ஒவ்வொரு தபால்காரர் பின்னாலும் ஒரு சுற்று போய், வண்டி தேறுமா, ஆள் தேறுமா என்று பார்த்து எழுதுவாராம். தேறாதவர்களை உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள், ஜன்னல் இல்லாத அறையில் தெருவாரியாகக் கடிதம் பிரிக்க.

"அந்த ரூம்ல என்னைப் போட்டாங்கன்னா நான் செத்தேன் மச்சான்," என்றார் அத்தான், வண்டியைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு. "முப்பது வருஷமா வெயிலும் காத்துமா இருந்த ஆளு. ஏறி மிதிச்சா டக்கு டக்குங்குது. எப்படியாவது திங்கக்கெழமைக்குள்ள இந்தச் சத்தத்தை எடுத்துக் குடுத்துரு."

"இதெல்லாம் ஒரு வேலையா அத்தான்? நாளைக்கே வந்து எடுத்துட்டுப் போங்க," என்றான் காதுக்காரன். என்ன வாயோ!

ஸ்டாண்டில் ஏற்றிச் சுற்றினால் சத்தமே இல்லை. அத்தான் ஏறி மிதித்தால், வலது கால் கீழே இறங்கும்போதெல்லாம் டக். பெடல் சுற்றுக்கு ஒன்று. கணக்குப்படி கோளாறு பெடல் பக்கம்தான். பெடலைக் கழற்றி மாற்றினான். டக். கிராங்கைப் பிடிக்கிற கோட்டர் பின்னைப் புதிதாக அடித்தான். டக். அச்சைப் பிரித்து, உள்ளே இருந்த குண்டுகளை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று புதுக் குண்டுகளைப் போட்டுக் கிரீஸ் வைத்தான். டக். செயினை முன் பல்சக்கரத்திலிருந்து இழுத்துப் பார்த்தான். தேய்ந்து நீண்டுபோன செயினைப்போலக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வந்தது. ஆகா, மாட்டினாயா என்று சந்தோஷப்பட்டுச் செயினையும் மாற்றினான். அப்போதும் டக்.

அத்தான் ஓட்ட, இவன் தலையைச் சாய்த்துக்கொண்டு கூடவே தெருவில் ஓடினான். ஓடி ஓடி நாக்குத் தள்ளியதுதான் மிச்சம். எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, "என்னப்பா, சைக்கிளுக்கு ரகசியம் சொல்றியா?" என்று சிரித்தார். காதுக்காரனுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. இருபது வருஷத்தில் ஒரு வண்டி அவனை இப்படி ஏமாற்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். கடைவாசலில் பழைய டயர்மேல் அத்தான் உட்கார்ந்திருந்தார். மூன்று படிக்குக் கீழே தெருவில் வண்டி நின்றது. தம்பி தரையில் சப்பணமிட்டு, கழற்றிப்போட்ட சாமான்களுக்கு நடுவில் பேயறைந்தவனைப்போல இருந்தான்.

"இன்னும் ஆகலையா?"

"தெரியலக்கா. எதை மாத்தினாலும் போகமாட்டேங்குது. எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்போல இருக்கு."

"ஒருத்தன் ஓட்டத் தெரியாம ரிப்பேர் பாக்கறான். ஒருத்தர் வாயைத் தொறக்காம ஓட்டறார். நல்லா வாய்ச்சீங்கடா ரெண்டு பேரும்! தள்ளு, நான் பாக்கறேன்."

அக்கா ஓட்டுவாள், நன்றாகவே ஓட்டுவாள். தபால் பையில் பழைய செய்தித்தாள் கட்டுகளைத் திணித்துப் பாரம் ஏற்றிக்கொண்டாள். ஏறி மிதித்து, கடைக்கு முன்னால் தொடங்குகிற மேட்டில் விளக்குக் கம்பம் வரைக்கும் போனாள். காதுக்காரன் கூடவே ஓடினான். கேட்டான். ஒன்றும் இல்லை. செயின் பல்லில் உட்கார்ந்து எழுகிற மெல்லிய சரசரப்பு மட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் ஓட்டச் சொன்னான். அப்போதும் இல்லை.

"போயிடுச்சு!" என்று கத்தினான். "அக்கா, சத்தம் போயிடுச்சுக்கா!"

அக்கா கடைவாசலில் இறங்கி நெற்றியைத் துடைத்தாள். அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "சத்தமாவது மண்ணாவது! என்னடா இது இவ்வளவு கனமா இருக்கு? போன வருஷம் இதே வண்டியில இதே பாரத்தோட, பேசிக்கிட்டே ஏறினேன். இப்ப தொடை ரெண்டும் கழண்டுடும்போல இருக்கு. என்னத்தைடா மாத்தின?"

காதுக்காரனின் பார்வை பின் பல்சக்கரத்தில் போய் நின்றது.

எட்டு மாதத்துக்கு முன்னால் வண்டியின் பின் பல்சக்கரம் தேய்ந்துபோய்ப் பற்கள் கொக்கி கொக்கியாக நின்றன. அத்தானின் வண்டிக்கு, மேடு ஏறுவதற்காக, இருபத்திரண்டு பல் சக்கரம் போட்டிருந்தது. அன்றைக்குக் கடையில் இருந்ததோ பதினெட்டுதான். "இப்போதைக்கு இதை ஓட்டுங்க அத்தான். இருபத்திரெண்டு வந்ததும் மாத்தித் தரேன். நாலு பல்லுதானே, என்ன ஆகிடப்போகுது?" என்று சொல்லி மாட்டி அனுப்பினான். பல் குறைந்தால் மிதிக்கிற பாரம் கூடும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். பாடமாகத் தெரியும். காலில் தெரியாது. அதுதான் வினையாகப் போனது. ஏறி ஒரு தரம் மிதித்திருந்தால் அன்றைக்கு ராத்திரி தூங்கியிருக்கமாட்டான்.

குனிந்து பற்களை எண்ணினான். எண்ண வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் எண்ணினான். பதினெட்டு.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே அத்தான் டயரிலிருந்து எழுந்து படியிறங்கி வந்தார்.

டக். டக்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தெருவில் வேறு சத்தம் இல்லை. அத்தான் மூன்றாவது படியிலும் வலது காலை ஊன்றினார். டக்.

காதுக்காரன் சட்டென்று நிமிர்ந்தான். கிரீஸ் கையோடு போய் அத்தானின் வலது முட்டியைப் பிடித்தான். கால்சட்டைத் துணியில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தது. "மடக்குங்க அத்தான்," என்றான். மடக்கினார். உள்ளங்கைக்குக் கீழே முட்டி எலும்பு அசைந்து விழுந்தது. தேய்ந்த பல்லில் செயின் நழுவுவது எப்படி இருக்கும் என்று அந்தக் கைக்கு நன்றாகத் தெரியும்.

"எத்தனை நாளா வலிக்குது?"

"வலியெல்லாம் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஆறேழு மாசமா. மேட்டுலதான். சத்தம் இப்பத்தான், ஒரு மாசமா. வண்டியில இருந்துதான் வருதுன்னு நெனச்சேன் மச்சான். அப்படி இருந்தா நீ எடுத்துடுவ இல்ல?"

"வண்டி கனமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தான்! சக்கரம் என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"நீ மறந்திருப்பேன்னு தெரியும். உனக்கும் ஆயிரம் வேலை. வந்து கேட்டா உன் மனசு சங்கடப்படும்." கொஞ்சம் சிரித்தார். "நாலு பல்லுதானே."

காதுக்காரன் உள்ளே போய் மேஜை இழுப்பறையைத் திறந்தான். பஞ்சர் பசை, உடைந்த வால்வுகள், கிழிந்த ரசீதுகள். அவற்றுக்கு அடியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடியே கிடந்தது, இருபத்திரண்டு பல் சக்கரம். சொன்ன ரெண்டாவது வாரமே வந்துவிட்டிருந்தது. வாங்கி வைத்தவன் அவன்தான். மறந்தவனும் அவன்தான்.

அவன் பழையதைத் தட்டிக் கழற்றினான். புதியதை மாட்டினான். பெரிய சக்கரத்துக்குச் செயின் போதவில்லை. புதுச் செயினிலிருந்து வெட்டிப்போட்ட துண்டைத் தேடியெடுத்து இரண்டு கண்ணி சேர்த்தான். எட்டு மாதம் இழுப்பறையில் கிடந்த வேலை, அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. இடையில் ஒரு தரம் அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. திட்டித் தொலைத்திருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

அத்தான் ஏறி மேட்டில் விளக்குக் கம்பம் வரைக்கும் போய்த் திரும்பினார். முகமெல்லாம் பல்.

"அடேயப்பா! பஞ்சு மாதிரி போகுது மச்சான்! வலி பாதியாக் கொறஞ்ச மாதிரி இருக்கு." வண்டியிலிருந்து இறங்காமலே, ஒரு காலைப் படியில் ஊன்றிக்கொண்டு கேட்டார், "நாளைக்கு மேட்டுல அந்த ஆளு பின்னாடியே வருவார். சத்தம் எனக்குக் கேக்கல. உன் காதுக்கு என்ன கேக்குது? சொல்லு."

தெருவே நம்புகிற காது. அக்காவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் முட்டியின் அந்த டக் கேட்டிருக்கும், கேட்காமல் இருக்க அவள் என்ன செவிடா?

"ஒண்ணும் கேக்கல அத்தான்," என்றான் காதுக்காரன். "சுத்தமா இருக்கு. தாராளமா ஏறிடுவீங்க."

"அப்படிப் போடு! இன்னொரு சுத்து போயிட்டு வரேன்."

அக்கா தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் மேட்டில் மிதித்தார். வண்டியில் துளிச் சத்தம் இல்லை. அவர் ஆஸ்பத்திரி முனையில் திரும்புகிற வரைக்கும், வலது கால் கீழே இறங்கும்போதெல்லாம் காதுக்காரனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.