மூடிதான் காரணம்

தங்கச்சி விசாலுக்கு அந்த வெள்ளைக் காரை வாங்கிக் கொடுத்தபோது காலிப் அதன் அடியில் தலையை விட்டுப் பார்க்கவில்லை. ஸர்கா நகரின் பட்டறைத் தெருவில் பழைய கார் வாங்குகிற எவனும் முதலில் மெக்கானிக் காலிப்பிடம்தான் கொண்டுவருவான். அவன் சரி என்றால் சரி. ஆனால் இந்தக் காரை விற்றவர் அபூ முஃனிஸ், காலிப்பின் மகள் லமீஸைக் கட்டப்போகிற பையனின் அப்பா. சம்பந்தி கொடுக்கிற காரை லிஃப்டில் ஏற்றி ஆராய்ந்தால் அவர் முகத்தில் காறித் துப்பியது போல ஆகிவிடும். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. ஊரான் காரையெல்லாம் நோண்டிப் பார்க்கிறவன் கூடப்பிறந்தவள் காரை மட்டும் மரியாதைக்காக விட்டுவிட்டான்.

ஒரு நாள் காலையில் விசால் அந்தக் காரோடு பட்டறைக்கு வந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் உடுப்பில் இருந்தாள், டியூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இன்ஜின் லைட் எரியுது. பின்னாடி பெட்ரோல் வாடை வேற. சின்னவ தலை வலிக்குதுங்கிறா."

"டேங்க் மூடியைச் சரியா மூடியிருக்க மாட்டே. பாதிப் பேருக்கு இதான் கதை. ஆவி கசிஞ்சா லைட் எரியும்."

"பங்க்காரன் மூடினதுக்கு மேல நானும் ஒரு தடவை முறுக்கினேன். புருஷன் போனதுல இருந்து எல்லாத்தையும் ரெண்டு தடவை பாக்கிற பழக்கம் வந்துடுச்சு."

"சரி சரி, வாய் மட்டும் குறையல உனக்கு. சாவியைக் குடுத்துட்டுப் போ."

"நல்லாப் பாத்துச் சொல்லு. வெள்ளிக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிட்டு கரக் போகணும். தாத்தா வீட்டுக்குன்னு ரெண்டும் குதிக்குதுங்க."

அவள் போனதும் காலிப் ஸ்கேனரை மாட்டினான். டேங்கிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே போகிறது, கசிவு பெரியது என்று அது சொன்னது. மூடியைக் கழற்றிப் பார்த்தான். ரப்பர் வளையம் புதுசு போல இருந்தது. விசால் பொய் சொல்லவில்லை. ஆவிக் குழாயில் புகை மெஷினைச் சொருகி, காரை லிஃப்டில் தூக்கி, விளக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் நின்றான். ஓட்டை எங்கேயோ அங்கே புகை தானாக வந்து நிற்கும். இந்த வேலையில் அவனுக்குப் பிடித்ததே அதுதான். யாரிடமும் வாக்குவாதம் வேண்டாம், புகையே காட்டிவிடும்.

புகை பின் சக்கரத்துக்கு மேலே வந்தது. பெட்ரோல் ஊற்றுகிற குழாய் டேங்கோடு சேரும் இடம். குழாயும் டேங்கும் நேருக்கு நேர் நிற்கவில்லை, இரண்டு விரல் தள்ளி நின்றன. நடுவில் எவனோ ஒரு ரப்பர் துண்டை வைத்து இழுத்துக் கட்டியிருந்தான். ரப்பர் வெடித்திருந்தது.

மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் குழாய் ஏன் தள்ளி நிற்கிறது? காலிப் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனான். அடித்தகட்டில் பூசியிருந்த கறுப்புத் தாரை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினான். கீழே வெல்டிங் வரி. சுரண்டச் சுரண்ட அது நின்றபாடில்லை, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஓடியது. வரிக்கு முன்னால் உள்ளே வெள்ளைப் பெயிண்ட், பின்னால் நீலம். எங்கேயோ நசுங்கிய இரண்டு கார்களை அறுத்து, ஒன்றின் முன்பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் ஒட்டி, தாரைப் பூசி, புதுப் பெண்ணைப் போல நிறுத்தியிருக்கிறார்கள். கரக் சாலையில் ஒரு லாரி பின்னால் லேசாக முட்டினால் போதும். பின் சீட்டில் உட்காருவது யார் என்று அவனுக்குத் தெரியும். காரை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

பட்டறைத் தெருவில் எந்த ரகசியம் தங்கியிருக்கிறது? எதிர்க்கடைக்காரன் காலையில் மூடிப் பேச்சையும் கேட்டான், புகையையும் பார்த்தான், காரையும் பார்த்தான், யாருக்குப் போன் பண்ணவேண்டுமோ பண்ணிவிட்டான். மதியத் தொழுகை முடிந்ததும் அபூ முஃனிஸ் வந்தார். தனியாக அல்ல, கூடவே அவருடைய பெரியப்பா ஹாஜி திரார். லமீஸைப் பெண் கேட்க நாற்பது ஆம்பிளைகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்து வந்தவர் அவர்தான். அவரைப் பார்த்ததும் காலிப் வாய்வரைக்கும் வந்த வசவை மென்று முழுங்கினான். துடைத்த நாற்காலி போட்டான், ஏலக்காய்க் காபி ஊற்றிக் கொடுத்தான்.

ஹாஜி கோப்பையை வாங்கி, குடிக்காமல் முன்னால் கீழே வைத்தார். வந்தவர் அப்படி வைத்தால் கேட்க ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அது கிடைக்காமல் அவர் உதடு கோப்பையைத் தொடாது. தொடாமல் அவர் எழுந்து போனால் காபி கொடுத்தவன் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

காலிப் கல்யாணத் தேதியைத்தான் நினைத்தான். பையனுக்குத் துபாயில் லீவு குறைந்துவிட்டது, தேதியை முன்னால் தள்ளவேண்டியிருக்கும் என்று பேச்சு ஏற்கெனவே இருந்தது. இவ்வளவு பெரிய மனுஷரைக் கேட்க வைப்பானேன் என்று, பெருந்தன்மை பொங்கிவிட்டது மடையனுக்கு.

"காபியைக் குடிங்க ஹாஜி. நீங்க என்ன கேட்டாலும் ஆச்சுன்னு வெச்சுக்கங்க."

ஹாஜி கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். கோப்பையை ஆட்டிக் காட்டி, போதும் என்று திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் பேசினார்.

"உன் தங்கச்சி கார்ல மூடிதான் லூஸு. அவ்வளவுதான் தம்பி."

காலிப் சம்பந்தியைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

"ஹாஜி, அந்தக் காரு ரெண்டு துண்டு. என் தங்கச்சி பிள்ளைங்க அதுல போகுதுங்க."

"கல்யாணம் முடியட்டும். முடிஞ்ச மறுநாளே அபூ முஃனிஸ் ஏதாவது சாக்குச் சொல்லி எடுத்துக்குவான், நல்ல காராக் குடுப்பான். இப்போ அது திரும்பி வந்தா சந்தையில ஏன்னு கேப்பான். மத்ததை வாங்கினவன் எல்லாம் வாசல்ல வந்து நிப்பான். நாங்க எந்த மூஞ்சியோட கல்யாண ஊர்வலம் வர்றது?"

மத்தது. அப்படியானால் இப்படி ஒட்டி விற்ற கார்கள் இன்னும் இருக்கின்றன. காலிப் அபூ முஃனிஸ் பக்கம் திரும்பினான்.

"சம்பந்தி, நீங்களும் பொண்ணு பெத்தவர்தானே?"

"எனக்கும் இது ஏலத்துல அப்படியேதான் வந்துச்சு, வல்லாஹி, அல்லா மேல சத்தியம்," என்றார் அபூ முஃனிஸ் தரையிடம்.

ஹாஜி எழுந்து காலிப்பின் தோளைத் தட்டினார். "வார்த்தை குடுத்தவன் நீ. ஆம்பிளைன்னா வார்த்தை."

சாயங்காலம்வரை அவன் வேறு வேலை பார்க்கவில்லை. புது ரப்பர் போட்டான், சுரண்டிய இடத்தில் தாரைப் பூசினான், ஸ்கேனரால் லைட்டை அழித்தான். அந்தத் தாரைப் பூசும்போது முதலில் பூசியவனை அவனால் திட்ட முடியவில்லை.

விசால் தன் பெண் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்களை வெளியே நிற்க வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"என்னண்ணே சொல்லுது காரு?"

"நான் சொன்னேன்ல. மூடிதான் காரணம். புதுசு போட்டுட்டேன்."

"வேற ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல."

"அடியில பாத்தியா?"

"பாத்தேன்மா."

"வெள்ளிக்கிழமை கரக் போகலாமா?"

அவன் சாவியை நீட்டினான். "இந்த வாரம் வேணாமே. வெயில் ஜாஸ்தி."

விசால் சாவியை வாங்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை.

"நேத்து வழியில பஞ்சர். டயர்க்காரன் ஜாக்கி போட்டுத் தூக்கினவன், 'அக்கா, இங்க குனிஞ்சு பாரு, இது ரெண்டு காரு'ன்னான். டார்ச் அடிச்சுக் காட்டினான். நான் அவனைத்தான் திட்டினேன். 'வாங்கிக் குடுத்தது என் அண்ணன், நீ யாருடா சொல்றதுக்கு'ன்னேன்."

காலிப் நீட்டிய சாவியைக் கைக்குள் மடக்கினான்.

"உனக்குத் தெரியாம நடந்திருக்கும்னு ராத்திரியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உன்னை உக்கார வெச்சு மெதுவாச் சொல்லணும், சம்பந்தி விஷயம், அண்ணன் உடைஞ்சு போவான்னு நினைச்சேன். நீயே பாத்துச் சொல்லட்டும்னுதான் காலையில வாயைத் திறக்கல."

"விசால், லமீஸ் கல்யாணம்..."

"அதை என்கிட்டச் சொல்லியிருந்தா நானே வாயை மூடிக்கிட்டு பஸ்ல போயிருப்பேனே. லமீஸை நான்தானே தூக்கி வளத்தேன். யார்கிட்டயும் மூச்சு விட்டிருப்பேனா? உனக்கு அதுகூடத் தெரியல பாரு."

"ஹாஜிகிட்ட வார்த்தை குடுத்துட்டேன்."

"குடுத்தே. காப்பாத்திட்டே." அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "கல்யாணத்துக்கு வருவேன், பயப்படாதே. முன் வரிசையில நின்னு பாடுவேன். பொண்ணோட அத்தை எங்கேன்னு யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க."

வெளியே சின்னவள், "அம்மா, கார்ல போகலையா?" என்று கேட்டாள்.

"இல்லடி. மாமா இன்னும் சரி பண்ணலையாம்," என்றாள் விசால், அவன் காதில் விழும்படியே. பிறகு இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.