லேயாளின் கையில் வளையல்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை. உறவுக்காரர்கள் வந்து பார்க்க அந்த முதியோர் இல்லத்தில் ஒதுக்கிய நேரம் அவ்வளவுதான். வெள்ளானூரில் மூடிக்கிடந்த அரிசி மில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சுண்ணாம்பு அடித்து, இருபத்திரண்டு கட்டில் போட்டிருந்தார்கள். எட்மண்ட் ஆவடியிலிருந்து சைக்கிளில் வருவான். அரை டஜன் வாழைப்பழம், ஒரு பாக்கெட் ரொட்டி. அத்தையின் கட்டிலருகே ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். இருவரும் அதிகம் பேசுவதில்லை. பேசுகிறவள் அவன் மனைவி சாராள்தான். அவள் இறந்து போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

இந்த அத்தை லேயாள், சாராளின் அம்மா. மகள் இறந்த ஆறாம் மாதம் வாதம் வந்து வலது கால் விழுந்துவிட்டது. எட்மண்டுக்கு ஃபாக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. காலை ஏழரைக்குப் போனால் திரும்ப மாலை ஐந்தரை. குவார்ட்டர்ஸில் பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஆள் இருந்திருந்தால் வைத்துக்கொண்டிருப்பாயா என்று அவனை யாரும் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மே மாத ஞாயிறு அது. உள்ளே நுழைந்தவன் கட்டிலுக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டான். அத்தையின் இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல். கைக்கு ஒரு டஜன். பச்சையும் சிவப்பும்.

"இன்னா சார், அப்டியே நின்னுட்டே?" ஆயா பூங்காவனம் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள். "நல்லா கீதில்ல? குமணன்சாவடில வாங்கியாந்தேன். வெறுங்கையோட குந்திகினு இருந்தா பாக்க ஒரு மாரி கீது."

பூங்காவனத்துக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. லேயாள் நகையே கூடாது என்னும் பெந்தெகொஸ்தே சபைக்காரி. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த அன்றே காதில் கிடந்த கம்மலைக் கழற்றிப் போட்டவள். சாராளின் கல்யாணத்தில் தாலி கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்த எட்மண்டின் அம்மா அழுதுகூடப் பார்த்தாள். லேயாள் அசையவில்லை. சாராள் வெறுங்கழுத்தோடுதான் அவன் வீட்டுக்கு வந்தாள். அப்பேர்ப்பட்டவள் கையில் இரண்டு டஜன் வளையல் ஏறியிருக்கிறது. ஏற்ற விட்டிருக்கிறாள்.

"வாங்க தம்பி. வெயில்ல வந்தீங்களா?" என்றாள் லேயாள். கைகளைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"யார் அத்தை போட்டது?"

"அந்தப் பொண்ணு ஆசையா போட்டுச்சி. போட்டுட்டுப் போகட்டும்."

எட்மண்ட் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் இடது கையை எடுத்து, வளையல்களை முழங்கைப் பக்கம் ஒதுக்கினான். மணிக்கட்டைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. கறுத்த தழும்பு, அதன்மேல் புதிதாக உரிந்த தோல், அதன்மேல் மஞ்சள் தூள். வலது கையிலும் அதே பட்டை, அதே இடத்தில்.

"விழுந்துட்டேன்" என்றாள் அவன் கேட்பதற்கு முன்பே.

விழுகிறவர்களுக்கு முட்டியில் அடிபடும், நெற்றியில் அடிபடும். இரண்டு மணிக்கட்டிலும் காப்பு மாட்டியது போல் அடிபடாது. அவன் தனக்குக் கோபம் வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. இரண்டு வருஷமாக எதுவுமே சரியாக வருவதில்லை. ஆனால் கையை விடவும் முடியவில்லை.

அடுத்த கட்டிலில் சிரிப்புச் சத்தம். ஆட்டோ ஓட்டும் நாகேந்திரன், தன் அப்பா வேம்புலியைப் பார்க்க வந்திருந்தான்.

"இன்னா நைனா, இந்த வேகாத வெயில்ல ஃபுல் கை சட்டை? பட்டன் வேற! எங்கனா பொண்ணு பாக்கப் போறியா?"

வேம்புலி பல்லில்லாத வாயால் சிரித்தார். சட்டையின் கைமுனைகளை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

எட்மண்ட் எழுந்து போனான். "அந்தப் பட்டனைக் கொஞ்சம் கழட்டுங்க."

"எதுக்கு சார்?"

"கழட்டிப் பாருங்க."

நாகேந்திரன் கழற்றினான். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, அணைக்க மறந்த விளக்கு மாதிரி. பிறகு மற்றக் கையையும் பார்த்தான்.

"யோவ்! எவன்யா இங்க மேனேஜர்?"

மேனேஜர் பால்ராஜ் ஆபீஸ் அறையிலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. "ஸ்தோத்திரம் பிரதர். என்ன சத்தம்?"

எட்மண்ட் அத்தையின் கையைக் காட்டினான்.

"படுக்கையிலே உரசினது, பிரதர். வயசானவங்க தோல், வாழைப்பூ மடல் மாதிரி. தொட்டாலே கறுத்துப் போகும்."

"ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துலயா?"

பால்ராஜ் குரலைத் தாழ்த்தினார். "இருபத்திரண்டு பேருக்கு ரெண்டு ஆயா. இறங்கி நடந்து இடுப்பை உடைச்சுக்கிட்டா என் சட்டையைத்தான் பிடிப்பீங்க. மாசத்துக்கு ஒரு தடவை வாழைப்பழத்தோட வர்றீங்க. மத்த நாளெல்லாம் யார் பாக்கறது?" பிறகு சத்தமாக, "அம்மாவையே கேளுங்களேன். நாங்க ஏதாவது செஞ்சோமா?"

"விழுந்துட்டேன்" என்றாள் லேயாள், தரையைப் பார்த்தபடி.

"பாத்தீங்களா!"

நாகேந்திரன் சட்டைக் கையை மடித்தான். எட்மண்ட் அவன் தோளைப் பிடித்தான். "அடிச்சா கேஸ் நம்ம மேல திரும்பும். கொஞ்சம் இருங்க."

மாசத்துக்கு ஒரு தடவை என்று பால்ராஜ் சொன்னது பொய்யில்லை. அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எட்மண்ட் கட்டிலருகே குத்துக்காலிட்டு அமர்ந்தான். அத்தை இதுவரை பொய் சொல்லி அவன் கேட்டதில்லை. இப்போது யாரைக் காப்பாற்ற இரண்டாம் தடவையும் சொல்கிறாள்? பால்ராஜையா? இல்லை. இங்கிருந்து அனுப்பிவிட்டால் தன்னை எங்கே வைத்துக்கொள்வான் என்று மருமகனுக்காகக் கணக்குப் போட்டிருக்கிறாள்.

"அத்தை, நீங்க எது சொன்னாலும் சரி, சொல்லலைன்னாலும் சரி. இன்னைக்கு நம்ம வீட்டுக்குப் போறோம். அதுல மாத்தம் இல்லை."

"வேலைக்குப் போறவரு நீங்க."

"ஒரு வாரம் லீவு போடறேன். அதுக்குள்ள ஒரு ஆளைத் தேடுவேன். கிடைக்கலைன்னா இன்னொரு வாரம்."

"அவளே இல்லாதப்ப நான் எதுக்குத் தம்பி உங்களுக்கு?"

"நீங்க வரணும்."

லேயாள் அவனைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, பால்ராஜைப் பார்த்துப் பேசினாள்.

"காலைல கஞ்சி குடுத்ததும் கையைக் கட்டிலோட கட்டுவாங்க. சாயந்தரம் அவுப்பாங்க. தண்ணி கேட்டா, மூத்திரம் பெய்வேன்னு குடுக்க மாட்டாங்க. ரெண்டு மாசமா நடக்குது. போன தடவை நீங்க வந்தப்ப கையை மறைச்சிக்கிட்டேன். இன்னைக்கு நீங்க எல்லாம் வர்ற நாளு, அதான் அவுத்து உட்டாங்க." மூச்சு வாங்கினாள். "அந்தக் கடைசிக் கட்டில்ல ஒரு அம்மா கீது. அதைப் பாக்க யாரும் வர்றதில்ல. அதை மட்டும் அவுக்கவே இல்ல."

ஹாலின் கோடியில், சுவரோரக் கட்டிலில், கழுத்துவரை போர்த்திய ஒரு கிழவி. இந்த வெயிலில் போர்வை.

பால்ராஜ் குறுக்கே வந்தார். "அவங்களுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை, பிரதர்..."

எட்மண்ட் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் போர்வையை விலக்கினான். நைலான் புடவைக் கிழிசல். இரண்டு கைகளும் கட்டிலின் இரும்புச் சட்டத்தோடு கட்டப்பட்டிருந்தன.

"நாகேந்திரன், ஸ்டேஷனுக்குப் போங்க. போலீஸைக் கூட்டிட்டு வாங்க. வழியிலே எந்த டாக்டர் இருந்தாலும் ஏத்திக்குங்க. வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

"நைனாவைப் பாத்துக்கோ அண்ணாத்தே" என்று சொல்லிவிட்டு நாகேந்திரன் ஓடினான். வெளியே ஆட்டோ உறுமிக் கிளம்பியது. மற்றக் கட்டில்களில் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் ஆட்களின் கைகளைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு பெண் விம்முவது கேட்டது. பால்ராஜ் ஆபீஸுக்குப் போய் ஃபோனைச் சுழற்றினார்.

எட்மண்டுக்கு முடிச்சு அவிழவில்லை. ஈரம் பட்டு இறுகியிருந்தது. பூங்காவனம் வந்து அவன் கையைத் தள்ளினாள்.

"உனுக்கு வராது சார். உடு." அவள் விரல்கள் முடிச்சை அறிந்திருந்தன. "நான் ஒண்டிக்காரி. இன்னொரு ஆயா வந்தா வருவா, வராட்டி இல்ல. கட்டலன்னா வேலைய உட்டுப் போன்னு சொல்றாரு அந்த மேனேஜரு. வளையல் போட்டது காயம் தெரியாம இருக்கத்தான். ஆசையும் இருந்துச்சி சார், சத்தியமா."

"போலீஸ்கிட்ட இதையே சொல்லுங்க."

அவள் இரண்டாவது முடிச்சுக்குப் போனாள்.

கட்டு அவிழ்ந்த பிறகும் கிழவியின் கைகள் சட்டத்தோடு ஒட்டியபடியே கிடந்தன. எடுக்கலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்மண்ட் ஒரு கையை மெல்ல எடுத்து அவள் வயிற்றின் மேல் வைத்தான். சுற்றி வந்து மற்றக் கையையும் வைத்தான். டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து, தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தான். அவள் முழுதும் குடித்தாள். அவன் இன்னொரு டம்ளர் மொண்டு வரப் போனான்.